வெளியூர்த் தூண்டிலுக்குச் சீட்டு

கெடிலம், தென்பெண்ணை, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு. கடலூரிலிருந்து புதுச்சேரி போவதற்குள் இத்தனை முகத்துவாரங்கள். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடத்தில் கொடுவாவும் செப்பிலியும் நிற்கும் என்பது எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான். இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை விடிவதற்குள் கார்கள் வந்து நிற்கின்றன. என் பழைய ஸ்கூட்டரை விற்றாலும் வாங்க முடியாத ராடும் ரீலும் டிக்கியிலிருந்து இறங்குகின்றன. பக்கத்திலேயே உள்ளூர்ப் பையன் தண்ணீர் பாட்டிலில் தூண்டில் நரம்பைச் சுற்றி, உயிர் இறாலைக் கோத்து, கையாலேயே வீசிக்கொண்டிருப்பான். பெரும்பாலும் அவனுக்குத்தான் முதலில் மீன் மாட்டும். அது வேறு கதை.

போன கோடையில் ஒரு மீனவ ஊரில் இது தகராறாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். சிறிய படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் பக்கத்திலேயே வலை விட்டு எடுப்பதுதான் அப்போது சந்தைக்கு வரும் மீன். அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளி விடுமுறை. வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதும் அப்போதுதான். யாரோ அறுத்து விட்டுப் போன பின்னல் நரம்பு ஒருவரின் வலையில் சிக்கி, பிரித்தெடுக்கும்போது கண்ணிகள் கிழிந்தன. வலை கிழிந்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஊர்ப் பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. வெளியூர்க்காரன் தூண்டில் போட்டால் பணம் கட்டட்டும் என்று ஒரு கட்சி. பணமே வேண்டாம், வரவே கூடாது என்று இன்னொரு கட்சி.

அந்த ஊரில் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் உண்டு. “தம்பி, நீ அமெரிக்காவுல மீன் புடிச்சவன்தான, அங்க எப்படின்னு வந்து சொல்லு” என்று கூட்டிப் போனார். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். அந்த ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் மணலில் உட்கார்ந்ததும் ஒரு பெரியவர் கேட்ட முதல் கேள்வி, “இவரு எந்த ஊரு?” என்பதுதான். கடற்கரைக் கணக்கில் நானும் வெளியூர்தான்.

அமெரிக்காக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓஹாயோ மாநிலத்தில் டொலிடோ என்ற ஊரில் வேலை பார்த்தேன். ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த ஊரின் வடக்கு எல்லை முடியும் இடத்தில் மிச்சிகன் மாநிலம் ஆரம்பித்துவிடும். நமக்குக் கடலூர்-புதுச்சேரி எல்லையில் முள்ளோடை எப்படியோ அப்படி. முள்ளோடையைத் தாண்டுகிறவர்கள் பெரும்பாலும் மீனுக்காகத் தாண்டுவதில்லை என்பது தனி விஷயம். ஓஹாயோவில் ஆறு மாதம் குடியிருந்துவிட்டால் உள்ளூர்க்காரன் கணக்கு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்த நான் உள்ளூர் விலைக்கு மீன்பிடி உரிமம் வாங்கினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த மிச்சிகன்காரர் என் ஊருக்குள் வந்து தூண்டில் போட்டால் அவருக்குக் கூடுதல் கட்டணம். நான் அவர் பக்கம் போனால் தலைகீழ். நான் இருந்தபோது மிச்சிகனில் ஆண்டு உரிமம் உள்ளூர்க்காரருக்கு 26 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 76. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தூண்டில் கடையில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் கணினியே தொகையைச் சொல்லிவிடும்.

முதல் தடவை எனக்கு எரிச்சல்தான். ஏரி ஒன்று, மீன் ஒன்று. வாலை (walleye) என்று அங்கே ஒரு மீன் உண்டு. நம் கொடுவா மாதிரி கெட்டியான வெள்ளைச் சதை. வசந்த காலத்தில் ஏரியிலிருந்து மாமி (Maumee) என்ற ஆற்றுக்குள் முட்டை போட ஏறும். அது ஓஹாயோ மீனா, மிச்சிகன் மீனா, கனடா மீனா? அதற்கே தெரியாது. இதை மிச்சிகன் கடைக்காரரிடம் புலம்பினேன். வயதானவர், பொறுமையாகச் சொன்னார். இந்த ஊர்க்காரன் வருஷம் முழுக்க இங்கே வரி கட்டுகிறான். படகு இறக்கும் தளம், மீன்குஞ்சுப் பண்ணை, ரோந்து அதிகாரியின் சம்பளம் எல்லாவற்றிலும் அவன் பங்கு இருக்கிறது. நீ வருகிற நாளில் மட்டும் உன் பங்கைக் கொடு என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: ஒரே ஒரு நாள் மட்டும் பிடிப்பதென்றால் 10 டாலர், அதில் உள்ளூர் வெளியூர் வித்தியாசமே கிடையாது.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னதும் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். யார் எந்த ஊர் என்று ஆதாரை வாங்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை இல்லை பாருங்கள்.

அங்கே அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். 1950-இல் அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். ராடு, ரீல் போன்ற சாமான்களுக்கு மத்திய அரசு வரி வசூலித்து, அதை மாநிலங்களின் மீன்வளத்துக்கே பிரித்துக் கொடுக்கிறது. பங்கில் பெரும்பகுதி அந்த மாநிலத்தில் எத்தனை பேர் உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவாகும். அதனால் வெளியூர்க்காரனைத் துரத்தினால் மாநிலத்துக்கே நஷ்டம். கூடுதலாக வாங்கு, ஆனால் விரட்டாதே என்கிற கணக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக அங்கே சண்டை இல்லை என்று நினைக்க வேண்டாம். மாமி ஆற்றில் வாலை ஏறும் மார்ச், ஏப்ரலில் ஆற்றுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் தோளோடு தோள் உரச ஆட்கள் நிற்பார்கள். பல மாநிலத்து வண்டிகள். எங்கள் ஊர் மீனை வெளியூர்க்காரன் அள்ளிக்கொண்டு போகிறான் என்று டொலிடோக்காரர்கள் புலம்புவார்கள், அவர்களே இலையுதிர் காலத்தில் மிச்சிகன் ஆறுகளுக்கு சால்மன் பிடிக்கப் போவார்கள். அங்கே அந்த ஊர்க்காரர்கள் இவர்களைப் பார்த்து அதையே சொல்வார்கள்.

வழக்கும் நடந்திருக்கிறது. தென் கரோலினா மாநிலம் தன் கடலில் இறால் பிடிக்கும் உள்ளூர்ப் படகுக்கு 25 டாலரும் வெளி மாநிலப் படகுக்கு 2,500 டாலரும் உரிமக் கட்டணம் வைத்தது. 1948-இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. பிழைப்புக்காக வருபவனை இப்படிப் பூட்டக் கூடாது என்றது. மொன்டானாவில் மான் வேட்டை உரிமத்துக்கு வெளி மாநிலத்தவரிடம் 225 டாலர், உள்ளூர்க்காரரிடம் 30 வாங்கினார்கள். 1978-இல் அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. காரணம், அது பொழுதுபோக்கு. பிழைப்புக்கு வருபவனுக்கு ஒரு நியாயம், விளையாட்டுக்கு வருபவனுக்கு ஒரு நியாயம். நான் இதைச் சொல்லி முடித்ததும் என்னை எந்த ஊர் என்று கேட்ட பெரியவர், “அதத்தான நாங்களும் சொல்றோம்” என்றார். நீதிமன்றம் வரை போகாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு கதை இவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. மிச்சிகன் பகுதியின் பூர்வகுடிகளான ஒட்டாவா, சிப்பேவா மக்கள் 1836-இல் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் மீன்பிடிக்கும் உரிமையை விடவில்லை. பின்னாளில் அவர்கள் ஏரியில் வலை விட்டபோது தூண்டில்காரர்களுக்குக் கோபம். எங்கள் விளையாட்டு மீனையெல்லாம் வலையில் வாரிவிடுகிறார்கள் என்று. வழக்கு போய், 1979-இல் நீதிமன்றம் பூர்வகுடிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநில அரசின் உரிமத்தைவிட அவர்கள் உரிமை மூத்தது என்பதுதான் சாரம். எவ்வளவு பணம் கட்டிச் சீட்டு வாங்கினாலும் வலைக்காரனுக்கு அடுத்துத்தான் நீ. இதைக் கேட்டு ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்தார்.

நம் பக்கத்துச் சட்டம் வேறு மாதிரி. தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. புதுச்சேரிக்குத் தனிச் சட்டம், 2008-இல். இரண்டுமே முக்கியமாகப் பேசுவது படகையும் வலையையும் பற்றி: பதிவு, உரிமம், விசைப்படகு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் கரையை ஒட்டிய கடலைச் சிறு மீனவருக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. ஒற்றைத் தூண்டிலோடு கரையில் நிற்கிறவனை மனதில் வைத்து எழுதிய சட்டங்கள் அல்ல இவை. அதனால் நடைமுறையில் நம் கரையில் உரிமம் என்பது ஊர்ச் சம்மதம். அது காகிதத்தில் இல்லை என்பதால் இல்லாமல் போய்விடாது. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்காக ஊருக்கு ஊர் மோதிக்கொண்ட கரை இது. எந்தக் கரை எந்த ஊருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, கார் ஓட்டி வருகிறவரைத் தவிர.

அன்றைய பேச்சில் என்னை அசைத்தது மீன் விற்கும் அக்கா ஒருவர் சொன்னது. ஆண்கள் எல்லாரும் நூறா இருநூறா என்று தொகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரத்தில் நின்றபடியே சொன்னார்: “புடிச்சித் தின்னா தின்னுட்டுப் போவட்டும். அஞ்சு கிலோ கொடுவாவ ஓட்டலுக்குக் கொண்டு போயிக் குடுத்தா, அப்புறம் நான் எதுக்குக் கூடையத் தூக்கணும்?”

சரியான இடத்தில் கை வைத்தார். புதுச்சேரியில் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் நல்ல விலை கொடுக்கும் உணவகங்கள் உண்டு. பெட்ரோல் செலவை ஈடுகட்டலாம் என்று சிலர் விற்றுவிட்டுப் போவது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். ஓஹாயோவிலும் மிச்சிகனிலும் விளையாட்டு உரிமத்தில் பிடித்த மீனை விற்பது குற்றம். ஒரு நாளுக்கு எத்தனை என்ற வரம்பும் உண்டு. மாமி ஆற்றில் வாலை ஏறும் காலத்தில் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் பிடிக்கலாம். வாயில் மாட்டாமல் உடம்பில் குத்தி வந்த மீனைத் திருப்பி விட்டாக வேண்டும். உரிமக் கட்டணம் இதற்கெல்லாம் பிறகுதான். என் கருத்தை அங்கேயே சொன்னேன், இப்போதும் அதுதான்: வெளியூர்க்காரனிடம் பணம் வாங்குவது நியாயம். ஆனால் விற்கக் கூடாது, இத்தனைக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற இரண்டும் இல்லாமல் பணம் மட்டும் வாங்கினால், கட்டியவன் ‘காசு கொடுத்திருக்கேன்ல’ என்று இன்னும் கூடுதலாகத்தான் அள்ளுவான். வாங்கிய பணம் எதற்குப் போனது என்று கரையிலேயே தெரிய வேண்டும். கிழிந்த வலைக்கு ஒரு பங்கு, கரையில் குப்பை பொறுக்குகிறவருக்குக் கூலி, இப்படி. கோயில் நிதியில் சேர்த்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லவும் செய்தேன், யாருக்கும் ரசிக்கவில்லை.

வரவே கூடாது என்ற கட்சியில் பெரியவர்கள் அதிகம். எதிர்த்துப் பேசியவர்கள் ஃபைபர் படகு வைத்திருக்கும் இளைஞர்கள். வலை விட்டு டீசல் காசுகூட வராத நாட்களில் தூண்டில்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப் போய் வந்தால் கையில் நிச்சயமாகப் பணம் நிற்கிறது. கர்நாடகக் காவிரியில் பீமேஸ்வரி, காலிபோர் பக்கம் மசீர் மீன் பிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்த காலத்தில், முன்பு வெடி போட்டு மீன் பிடித்த ஆட்களே வழிகாட்டியாகவும் காவலாகவும் மாறிச் சம்பளம் வாங்கினார்கள். பிடித்த மீனை எடை பார்த்து விட்டுவிட வேண்டும். சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்றானபின் அது நின்றுபோனது. நம் கரையில் சரணாலயச் சிக்கல் இல்லாத இடங்கள் இருக்கின்றன. அதனால் இளைஞர்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒரே ஒரு பயம், உயிர்காப்பு அங்கி இல்லாமல் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு முகத்துவார அலையைத் தாண்டுகிறார்கள். மணல் திட்டு மாறிக்கொண்டே இருக்கும் வாய் அது.

சரி, வெளியூரிலிருந்து தூண்டிலோடு வருகிறவர்களுக்கு நேராகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஊருக்குள் போய் ஒரு டீ குடியுங்கள். டீக்கடையில் கேட்டால் பஞ்சாயத்தார் யார், இன்று எங்கே நிற்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். காரை நேராக மணலுக்கு ஓட்டிக்கொண்டு போனால் அன்றைக்கு நாள் கெட்டது. கரைவலை இழுக்கும் இடம், படகு ஏற்றி இறக்கும் இடம், வலை காயும் இடம் மூன்றிலும் நிற்காதீர்கள். கடலில் மிதவை தெரிந்தால் அங்கே வலை இருக்கிறது, அந்தப் பக்கம் வீசக் கூடாது. கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளில் நிற்பதென்றால் பாசியில் வழுக்காத செருப்பு வேண்டும். அலை ஏறும் நேரத்தில் நுனிக்குப் போகாதீர்கள்.

நரம்பு விஷயத்தில் கறாராக இருங்கள். சிக்கினால் முடிந்த மட்டும் இழுத்து, வந்ததைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒற்றை இழைத் தங்கூசி நரம்பைவிடப் பின்னல் நரம்பு மோசம். கண்ணுக்குத் தெரியாது, அறவும் செய்யாது, வலை இழுப்பவர் விரலை அறுத்துவிடும். தகராறின் வேர் பாதிக்கு மேல் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

ஏரி, குளங்களை ‘சும்மா கிடக்கிற தண்ணி’ என்று நினைத்துவிட வேண்டாம். மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறார். அங்கே கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் காப்புக்காடு. இரண்டு இடத்திலும் ராடைக் காரிலேயே வைத்துவிடுங்கள். கடலிலும் தொடக் கூடாதவை உண்டு. கடல்குதிரை, ரம்ப மூக்கு வேளா, சில உழுவை (கிட்டார் மீன்) வகைகள், எல்லா ஆமைகளும் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகின்றன. மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் தண்ணீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றி அனுப்புங்கள். குறட்டால் முள் நுனியின் எதிர்க்கொக்கியை முன்னமே நசுக்கி வைத்தால் கழற்றுவது எளிது.

கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் இரண்டு பக்கமும் முள் இருக்கிறது, குத்தினால் கடுகடுவென்று கை முழுக்க ஏறும். திருக்கை வாலும் அப்படித்தான். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்தால் வலி இறங்கும். தோல் வெந்துவிடாத சூடு, அது முக்கியம். டீக்கடை பாய்லர் பக்கத்தில் இருப்பதால் இந்த வைத்தியம் நம் கரையில் சுலபம். முள் உள்ளே முறிந்திருந்தாலோ நெஞ்சுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரிதான். விஷ மீனான பேத்தை மாட்டினால் விட்டுவிடுங்கள், சமைத்துப் பார்க்க நினைக்காதீர்கள்.

படகு எடுத்தால் பதிவு எண் எழுதியிருக்கிறதா, தலைக்கு ஒரு அங்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். பேரம் பேசி நூறு ரூபாய் குறைப்பதைவிட அந்த நூறுக்கு அங்கி கேட்பது புத்திசாலித்தனம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால் பேச்சே வேண்டாம், வீட்டில் இருங்கள்.

சாப்பிட வேண்டிய அளவு கிடைத்ததும் நிறுத்துங்கள். கையளவுக் கொடுவாக் குஞ்சைத் திருப்பி விடுங்கள். மீன் கிடைக்காமல் போனால், கரையில் கூடை வைத்திருக்கும் அக்காவிடம் விலை குறைக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள். அடுத்த வாரம் உங்கள் காரை அவர் அடையாளம் வைத்திருப்பார்.

அந்த ஊரில் பேச்சு எங்கே நிற்கிறது என்றால், நாள் சீட்டு என்பதில் எல்லாரும் ஒத்துப்போய்விட்டார்கள், எல்லாருக்கும் ஒரே தொகை. தடைக்காலத்தில் முகத்துவாரத்துக்குள் வெளியூர்த் தூண்டில் கிடையாது, திறந்த கரையில் மட்டும். விற்றால் ராடு பறிமுதல் என்று யாரோ சொல்ல, அது போலீஸ் வேலை, நாம் பறிக்கக் கூடாது என்று இன்னொருவர் தடுத்தார். அவர் சொன்னது சரி. விற்றவனை அடுத்த தடவை விடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். சீட்டை யார் எழுதுவது என்பதில் இன்னும் இழுபறி. அந்த மீன்கார அக்காவிடமே சீட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். விடியற்காலையில் கரையில் இருக்கிறவர் அவர், எந்த மீன் எங்கே போகிறது என்று பார்க்கிறவரும் அவர்தான். ஆண்கள் யோசிக்கிறோம் என்றார்கள்.